தன் ஏட்டில் தானே எழுதுதல்

ஓர் ஆய்விதழின் பதிப்பாசிரியரோ மதிப்பீட்டாளரோ தம் கட்டுரையை அவ்விதழிலேயே வெளியிடுவது முறையாகுமா என்பது கற்றோரிடையே நெடுநாளாக எழும் வினா. நூலின் தகுதி வேறு. அதனை வெளியிட இசைவு தரும் அதிகாரம் வேறு. இவ்விரண்டும் ஒருவர் கையிலேயே சேரும்போதுதான் ஐயம் பிறக்கிறது.

இவ்வேறுபாட்டை ஸ்ரீவைஷ்ணவ வ்யாக்யான ஸம்ப்ரதாயம் நன்கு உணர்ந்திருந்தது. நம்பிள்ளை திருவாய்மொழிக்கு அருளிச்செய்த பொருளைப் பகலில் கேட்டு, இரவில் ஏடுபடுத்தினார் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதனைக் கண்ட நம்பிள்ளை அதன் சிறப்பை அறிந்தும், நியமனமின்றி எழுதப்பட்டதாதலால் உடனே பரவவிடாது தம்மிடமே வைத்துக்கொண்டார். பின்னரே அது ஈயுண்ணி மாதவருக்கு அளிக்கப்பட்டு, ஓராண்வழியாக மணவாள மாமுனிகளை வந்தடைந்தது என்பது பெரியோர் கூறும் வரலாறு. சிறந்த நூலாயினும், அதனை வெளியிடும் முடிவு எழுதியவரிடம் இல்லை என்பது இங்குப் பெறப்படும்.

இனி, மறுதலையான ஓர் எடுத்துக்காட்டு. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன், கல்கத்தாவில் 1926இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' என்னும் இதழைத் தோற்றுவித்து நடத்தினார். வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உழைக்க, 1928 பிப்ரவரி 28 அன்று புதிய ஒளிச்சிதறலைத் தெளிவாகக் கண்டார். மார்ச் 16 அன்று பெங்களூரில் அதுபற்றி உரையாற்றினார். அவ்வுரை 'புதிய கதிர்வீச்சு' என்னும் பொருள்பட்ட தலைப்புடன் தம் இதழிலேயே வெளிவந்தது. அதன் படிகள் அயல்நாட்டு அறிஞர் பலர்க்கும் அனுப்பப்பட்டன. அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்கும் மாண்டெல்ஸ்டாமும் படிகங்களில் இதே நிகழ்வைக் கண்டிருந்தனர். ஆதலின் விரைவு இன்றியமையாததாயிற்று. தம் இதழ் கையிலிருந்தமை இராமனுக்குப் பெருந்துணையாயிற்று.

ஆயினும் அக்கண்டுபிடிப்பை நிலைநாட்டியது அவ்விதழ் அன்று. ஜெர்மனியில் பிரிங்ஷைமும், அமெரிக்காவில் ஆர். டபிள்யூ. வுட்டும் அச்சோதனையைத் தாமே செய்து உறுதிப்படுத்தினர். 1930இல் நோபல் பரிசு கிட்டியது. தன் ஏட்டில் தானே எழுதுதல் குற்றமன்று, பிறர் சோதிக்க இடமில்லாமையே குற்றம் என்பது இதனால் தெளிவாகும்.

அவ்விடம் இல்லாதபோது விளைவது வேறு. 'கேயாஸ், சாலிட்டன்ஸ் அண்ட் ஃப்ராக்டல்ஸ்' என்னும் இதழில் அதன் பதிப்பாசிரியர் எல் நாஷி தம் கட்டுரைகளையே நூற்றுக்கணக்கில் வெளியிட்டமை 2008இல் பெரும் விவாதமாயிற்று. அடுத்த ஆண்டு அவர் அப்பொறுப்பில் இல்லை.

பதிப்பு நெறிக்கென 1997இல் தோன்றிய 'கோப்' என்னும் அமைப்பு, பதிப்பாசிரியர் தம் இதழில் எழுதுவதை முற்றாக விலக்கவில்லை. அவர் கட்டுரையை வேறொருவர் கையாள வேண்டும். மதிப்பீட்டாளர் யாவர் என்பது அவருக்குத் தெரியலாகாது. முடிவிலும் அவர் பங்கேற்கலாகாது என்பதே அதன் கருத்து.

திருவள்ளூர் மாவட்டத்தார்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பியாக்குபவர் ஒருவர். அதன் வலிமையைச் சோதித்துச் சான்று தருபவர் வேறொருவர். ஆக்கியவரே சான்றும் எழுதின், கம்பி நல்லதாயினும் வாங்குவோர் நம்பார். சிறு குழுவினர் நடத்தும் ஸம்ப்ரதாய இதழ்களில் எழுதுவோரும் பதிப்பிப்போரும் ஒருவராகவே அமைதல் தவிர்க்க இயலாதது. அந்நிலையில், அக்கட்டுரையைப் பார்வையிட்டு இசைவளித்தவர் இன்னார் என அதன் அடியிலேயே குறித்தல் நன்று. அக்குறிப்பு நூலின் பெருமையைக் குறைப்பதன்று. படிப்போர் நம்பிக்கையைக் காப்பதாகும்.