ஜப்பானிய விருந்தாளிக்கு ஆங்கிலம் சொல்லித்தர நம்மால் முடியுமா?

மலேசியாவின் தானா ராத்தா மலையூரில் கடை வைத்திருக்கிறீர்கள், டாக்சி ஓட்டுகிறீர்கள், அல்லது வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறீர்கள். ஜப்பானியப் பெரியவர் ஒருவர் வந்து, "உங்களோடு ஆங்கிலம் பேசிப் பழகலாமா?" என்று கேட்கிறார். நம் ஆங்கிலமே அரைகுறை ஆயிற்றே என்று தயங்காதீர்கள். தமிழ் பேசுகிறவருக்கு இந்த வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

முதலில், அவர்கள் ஏன் இந்த மலைக்கு வருகிறார்கள்? ஜூலை, ஆகஸ்டில் ஜப்பானில் புழுக்கம் தாங்காது. இங்கே ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் ஆண்டு முழுக்கக் குளிர்ச்சி. ஓய்வுபெற்றவர்கள் மாதக்கணக்கில் தங்கிப் போகிறார்கள். 2002இல் தொடங்கிய 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் (வெளிநாட்டவர் நெடுநாள் தங்க விசா தருவது) அதற்கு வழி செய்தது.

அவர்கள் பள்ளியில் ஆங்கிலம் படிக்கவில்லையா? படித்தார்கள், ஆண்டுக்கணக்கில். இலக்கணம் நன்றாகத் தெரியும், வாய்தான் திறக்காது. அதோடு அவர்கள் படித்தது பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தரைத்தளமே 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. நம் ஊரில் அது 'கிரவுண்ட் ஃப்ளோர்', அதற்கு மேல்தான் 'ஃபர்ஸ்ட்'. முட்டிவலிக்காரர் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' அறை கேட்டால், படி ஏறாத அறையைக் கேட்கிறாரா என்று ஒரு முறை விசாரியுங்கள்.

தமிழ் எப்படி உதவும்? 'நான் நாளை கடைக்குப் போகிறேன்' என்பதை ஜப்பானியர் 'வத்தாஷி வா அஷ்டா மிசே நி இகிமாஸ்' என்பார். நடுவில் வரும் 'வா' தவிர, நம் வரிசை அப்படியே இருக்கிறது. 'மிசே' கடை, 'நி' நம்முடைய 'க்கு'. இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில், வேற்றுமை உருபு (பெயரை ஒட்டிவரும் 'க்கு', 'இல்' போன்றவை) பெயருக்குப் பின்னால். இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவு மொழிகள் என்றார். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் நமக்கு வேண்டாம். ஆங்கிலத்தில் வினைச்சொல்லை முன்னுக்குக் கொண்டுவர நீங்கள் எப்படிப் பழகினீர்களோ, அதையே அவருக்குச் சொல்லுங்கள். இங்கிலாந்துக்காரருக்கு இந்தச் சிரமம் தெரியவே தெரியாது.

உச்சரிப்பு? நாம் 'பஸ்ஸு' என்கிறோம், அவர்கள் 'பசு' என்கிறார்கள். கடைசியில் உயிரெழுத்தை ஒட்டுவது இருவருக்கும் பழக்கம். அவர்களுக்குப் பெரிய சிக்கல் ல, ர வேறுபாடு. டாக்சியில் அவர் 'லைட்' என்றால் வலப்பக்கம் திரும்பச் சொல்கிறாராக இருக்கும். திருப்பத்துக்கு முன்பே கையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் அழுந்த வேண்டும், ஆங்கில 'ர'வுக்கு நுனி எங்கேயும் படக்கூடாது. இதை உங்கள் வாயைக் காட்டியே சொல்லித்தரலாம்.

அதிகக் குழப்பம் வருவது 'எஸ்' என்ற சொல்லில்தான். நீங்கள் பேசும்போது அவர் 'எஸ், எஸ்' என்றால், 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றுதான் பொருள், 'சரி' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக் காலை தேயிலைத் தோட்டம் போக ஏழு மணிக்கு வண்டி என்று சொன்னீர்களா? "எத்தனை மணிக்கு வர வேண்டும்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் வாயால் 'ஏழு' வந்தால்தான் புரிந்தது. எதிர்மறைக் கேள்வியும் வேண்டாம். "யூ டோன்ட் ஈட் மீட்?" என்றால், 'ஆமாம், சாப்பிடமாட்டேன்' என்ற பொருளில் 'எஸ்' என்பார். "டூ யூ ஈட் மீட்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் பக்கமும் ஒன்று உண்டு. நாம் 'சரி' என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவருக்கு 'இல்லை' போலத் தெரியும். வாயால் சொல்லிவிடுங்கள்.

சில ஆங்கிலச் சொற்கள் ஜப்பானுக்குப் போய் வேறு பொருளாகிவிட்டன. அங்கே 'சர்வீஸ்' என்றால் கடைக்காரர் இலவசமாகத் தருவது. ஓட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' பார்த்து அவர் திகைத்தால், அது சேவைக் கட்டணம் என்று விளக்குங்கள். டிப்ஸ் விஷயத்திலும் அவருக்குப் பயம் இருக்கும். ஜப்பானில் அந்தப் பழக்கம் இல்லை. அமெரிக்க உணவகங்களிலோ 15 முதல் 20 விழுக்காடு எதிர்பார்ப்பார்கள், இங்கும் அப்படித்தானோ என்று நினைப்பார். நம் ஊரில் கட்டாயமில்லை என்று சொன்னால் நிம்மதியடைவார்.

நம் ஊர் வழக்கம் எதைச் சொல்லித்தருவது? 'சாப்பிட்டாச்சா?' என்பது விருந்துக்கு அழைப்பு அல்ல, நலம் விசாரிப்பது என்று சொல்லுங்கள். தேநீர் கேட்கவும் கற்றுக்கொடுங்கள். வெறும் 'தே' என்றால் பாலும் சீனியும் சேர்ந்து வரும், 'தே ஓ கொசோங்' என்றால் இரண்டும் இல்லாமல் வரும். பச்சைத் தேநீரை அப்படியே குடித்துப் பழகியவருக்கு இது முதல் நாளே தேவைப்படும்.

தவறு செய்தால் உடனே திருத்தலாமா? மற்றவர் எதிரில் வேண்டாம், கூச்சப்பட்டு மறுநாள் வரமாட்டார். கேள்வி கேட்டபின் அவர் மௌனமாக இருந்தால், நீங்களே பதிலை எடுத்துக்கொடுக்காமல் காத்திருங்கள். மனத்துக்குள் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருப்பார்.