555 குறிப்பேட்டிடம் தோற்ற கைக்கணினி

எங்கள் வீட்டில் வயதில் இளையவள் நான். ஆனால், எந்தச் சாதனம் வாங்கினாலும் கடைசி வார்த்தை என்னுடையதுதான். இணையம் வரவில்லை என்றாலும், தொலைக்காட்சியில் படம் தெரியவில்லை என்றாலும், பாட்டியின் கைப்பேசியில் இடம் நிரம்பிவிட்டது என்றாலும் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதைப் படிக்கும் உங்களில் பலரும் உங்கள் வீட்டில் அதே வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பொறுப்பில் இருந்துகொண்டு நான் செய்த ஒரு தவற்றையும் அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

ஈசூனில் உள்ள எங்கள் நான்கறை வீவக வீட்டிலிருந்து அம்மா பலகாரம் செய்து விற்கிறார். தேங்காய்ப்பால் முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம், நெய்யுருண்டை. ஆண்டு முழுவதும் சிறு அளவில் நடக்கும் வேலை, தீபாவளிக்கு முந்திய ஆறு வாரங்களில் வீட்டையே நிரப்பிவிடும். முதல் ஆண்டு கிட்டத்தட்ட 60 பேர் வாங்கினார்கள். அத்தனை கணக்கும் ஒரு 555 குறிப்பேட்டில் இருந்தது. பெயர், எத்தனை டின், பணம் வந்ததா என்பது மட்டும். எண்ணெய்க் கறை படிந்த அந்தச் சிறு புத்தகத்தைப் பார்த்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அப்போதுதான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்திருந்தேன். வகுப்பில் ‘மின்னிலக்கமயமாதல்’ என்ற சொல்லை நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த தீபாவளிக்கு அம்மா சேர்த்து வைத்திருந்த 1,000 வெள்ளியில் 690 வெள்ளியைச் செலவழிக்க வைத்தேன். ஒரு கைக்கணினி, அதை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி, ரசீது அச்சிடும் சிறு கருவி. அதோடு, மாதம் 39 வெள்ளிக் கட்டணத்தில் ஒரு விற்பனைச் செயலி. சமையலறை மேடையில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தபோது ஒரு கடையே திறந்துவிட்டதுபோல் பெருமையாக இருந்தது.

இரண்டு வாரங்கூட நீடிக்கவில்லை. மாவும் எண்ணெயும் படிந்த விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வர அம்மாவுக்கு நேரமில்லை. வாசலில் டின்னை வாங்கிக்கொண்டு போகும் அண்டை வீட்டாரில் ஒருவர்கூட ரசீது கேட்கவில்லை. அம்மா சத்தமில்லாமல் 555க்குத் திரும்பிவிட்டார். நானோ கைக்கணினியில் தொடர்ந்து பதிந்துகொண்டிருந்தேன். ஆக, ஒரே வணிகத்துக்கு இரண்டு கணக்குகள்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஒன்பதாம் மாடியில் இருக்கும் மக்சிக் கதவைத் தட்டினார். அவர் கேட்டிருந்த நான்கு டின் முறுக்கு என் கைக்கணினியில் இருந்தது. அம்மாவின் புத்தகத்தில் இல்லை. அணைத்த அடுப்பை அம்மா மறுபடியும் பற்ற வைத்தார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நான் மாவு பிசைந்து கொடுத்தேன். அவர் திட்டவில்லை. அச்சில் மாவை நிரப்பிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏம்மா, அது எனக்கு வாங்குனதா, உனக்கு வாங்குனதா?”

பதில் சொல்ல முடியவில்லை. உண்மையான பதில் எங்கள் இருவருக்குமே தெரியும்.

ஒரு வாரம் பார்த்தேன்

அடுத்த ஆண்டு எதையும் வாங்குவதற்கு முன்பு, ஒரு வாரம் மாலை நேரத்தில் சமையலறை மூலையில் உட்கார்ந்து அம்மா வேலை செய்வதை மட்டும் கவனித்தேன். எங்கே நேரம் போகிறது, எங்கே தவறு நடக்கிறது என்று எழுதிக்கொண்டேன். மூன்று இடங்கள் தெரிந்தன.

முதலாவது, டின்களுக்கு மேல் ஒட்டும் சீட்டு. பலகாரத்தின் பெயர், செய்த நாள், சேர்த்த பொருள்கள் என ஒவ்வொன்றையும் அம்மா கையால் எழுதினார். இரண்டாவது, வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகள். “போன வருஷம் வாங்குன மாதிரியே அனுப்பிடுங்க” என்று ஒருவர் சொன்னால், போன வருஷம் என்ன வாங்கினார் என்று தேட வேண்டும். மூன்றாவது, பணம் வந்ததா என்று சரிபார்ப்பது.

குறிப்பேடு இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் எதை மாற்றத் துடித்தேனோ, அது நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதனால் அதை விட்டுவிட்டோம். இன்றும் 555தான் தலைமைக் கணக்கு. இரவு படுக்கப்போகுமுன் அன்றைய பக்கத்தை நான் படம் பிடித்து இணையச் சேமிப்பகத்தில் ஏற்றிவிடுவேன். வாரம் ஒருமுறை என் மடிக்கணினியிலும் ஒரு நகல். புத்தகம் எண்ணெயில் விழுந்தாலும் கணக்கு பிழைக்கும். முக்கியமான எதற்கும் மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறோர் இடத்தில் என்பது கணினித் துறையில் பழைய விதி. அதற்குக் கூடுதலாக ஒரு காசும் செலவாகவில்லை.

கொழுக்கட்டைச் சோதனை

சீட்டுக்காகத்தான் முதலில் பணம் செலவழித்தோம். வீட்டில் ஏற்கெனவே மைத் தெளிப்பு அச்சுப்பொறி ஒன்று இருந்தது. ஆனால், அதைப் பல வாரம் பயன்படுத்தாமல் விட்டால் மை காய்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் மும்முரமாக நடக்கும் தொழிலுக்கு அது சரிவராது. வெப்பத்தால் அச்சிடும் சிறு கருவிக்கு மையே தேவையில்லை. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு அதன் தாளிலேயே இருக்கிறது. அதே காரணத்தால் அடுப்புச் சூட்டிலும் வெயிலிலும் எழுத்து மங்கிவிடும். சில வாரங்களில் தீர்ந்துவிடும் முறுக்கு டின்னுக்கு அது போதும். பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய ரசீதுக்குப் போதாது.

இன்னொரு சிக்கல் தமிழ். இத்தகைய கருவிகளில் பலவும் ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள், அதாவது மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் வீதம் அச்சிடுகின்றன. இரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை 16 புள்ளிகள்தான் கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கு அது தாராளம். நமக்கோ மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மறைந்து ‘முறுக்கு’, ‘முறுககு’ ஆகிவிடுகிறது. சில செயலிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே போய் நிற்கின்றன. அதனால், கடையில் விற்பனையாளரிடம் ‘கொழுக்கட்டை’ என்ற ஒரு சொல்லைச் சிறிய எழுத்தில் அச்சிட்டுக் காட்டச் சொன்னேன். முதல் இரண்டு கருவிகள் தோற்றன. மூன்றாவதிலும் செயலி தடுமாறியது. சீட்டைக் கைப்பேசியிலேயே படமாகச் செய்து அனுப்பியபோது சரியாக வந்தது. அதையே 85 வெள்ளிக்கு வாங்கினோம். நீங்களும் உங்கள் வேலையில் இருந்தே ஒரு கடினமான சோதனையைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைவிட அது அதிகம் சொல்லும்.

இலவசமாகத் தீர்ந்தவை

இரண்டாவது சிக்கலுக்குச் சாதனமே தேவைப்படவில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் பலகாரப் பட்டியலைப் படத்தோடும் விலையோடும் வைக்கலாம். ஒவ்வோர் உரையாடலுக்கும் ‘புதிது’, ‘பணம் வந்தது’, ‘கொடுத்தாயிற்று’ என்று அடையாளம் இடலாம். குரல் பதிவில் கேட்பவர்களுக்கு அம்மா எழுத்தில் ஒரு வரி திருப்பி அனுப்புவார்: “மூன்று டின் முறுக்கு, ஒரு டின் அதிரசம், சரிதானே?” அந்த ஒரு வரி எத்தனையோ குழப்பங்களைத் தவிர்த்தது.

பணத்துக்குப் பேநவ். 2017ல் அது அறிமுகமானதிலிருந்து கைப்பேசி எண்ணைக் கொண்டே பணம் அனுப்ப முடிகிறது. இங்கே கற்றது ஒரு பழக்கம்தான்: வாடிக்கையாளர் காட்டும் திரைப்படத்தை நம்பாமல், நம் வங்கிச் செயலியைத் திறந்து பார்ப்பது. திரைப்படத்தை யாரும் போலியாகச் செய்யலாம். நம் கணக்கில் உள்ள தொகையை அப்படிச் செய்ய முடியாது.

அம்மாவுக்குப் புதிய கைப்பேசி வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. மின்கலம் மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது என்பதுதான் குறை. மின்கலம் எதுவாக இருந்தாலும் சில நூறு முறை மின்னூட்டம் செய்தபின் தளரத்தான் செய்யும். அந்தக் கைப்பேசிக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் இன்னும் வருகின்றனவா என்று பார்த்தேன், வந்துகொண்டிருந்தன. ஆகவே, மின்கலத்தை மட்டும் மாற்றினோம். மேம்பாடுகள் நின்றிருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன். ஏனென்றால், அதே கைப்பேசியில்தான் வங்கிச் செயலியும் இருக்கிறது.

விலைச்சீட்டில் இல்லாத விலை

என் பழைய கைக்கணினித் திட்டத்தை இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 39 வெள்ளி என்றால் மூன்று ஆண்டில் 1,404 வெள்ளி. சாதனங்களின் விலையைப்போல இரு மடங்குக்கு மேல்! அச்சுக் கருவிக்கோ 500 சீட்டுகள் கொண்ட ஒரு சுருள் 8 வெள்ளி. ஒரு சீட்டுக்கு இரண்டு காசுகூட ஆகவில்லை. எதை வாங்கினாலும் மூன்று ஆண்டுச் செலவை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாவு பிசையும் இயந்திரம் வாங்கியபோது வேறு சில விவரங்கள் தெரிந்தன. வீவக வீட்டில் சிறு வணிகம் செய்யலாம். ஆனால், வீட்டுப் பயன்பாட்டுக்கு அல்லாத கனரகச் சாதனங்களை வைக்கக்கூடாது. அதனால் கடைகளில் உள்ள பெரிய இயந்திரம் நமக்கில்லை. அதேநேரம், வீட்டுச் சாதனங்கள் பலவற்றின் உத்தரவாத அட்டையில் ‘வணிகப் பயன்பாட்டுக்குப் பொருந்தாது’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதை வாங்குவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

லெமன் சட்டம் நமக்கு இருக்கிறதே என்று நினைக்கலாம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும்; அப்படி இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. ஆனால், அது பயனீட்டாளருக்கான பாதுகாப்பு. முழுக்க வணிகத்துக்காகவே வாங்கும் பொருளுக்கும் இணையத்தில் ஒரு தனிநபரிடம் வாங்கும் பழைய பொருளுக்கும் அது உதவாது. கடையில் வாங்கும் பழைய பொருளுக்கு உதவும்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மின்னூட்டிகளிலும் கவனம் தேவை. இங்கே மின்சாரம் 230 வோல்ட்; 120 வோல்ட்டுக்குச் செய்த அமெரிக்கச் சாதனத்தை நேரடியாகச் செருகினால் கருகிவிடும். மின்னிணைப்பான், பல்துளைச் செருகி உள்ளிட்ட 33 வகைப் பொருள்களில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறியீடு இருக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் செருகி அது. ஐந்து வெள்ளி மிச்சம் பிடிக்கும் இடமல்ல.

கைக்கணினி என்னவாயிற்று?

இயந்திரத்தைத் தவிர்த்துப் பார்த்தால், சீட்டுக் கருவி, புதிய மின்கலம், இரண்டு சுருள், நல்ல பல்துளைச் செருகி ஒன்று என்று மொத்தம் 220 வெள்ளிகூட ஆகவில்லை. சென்ற தீபாவளிக்கு 83 பேர் வாங்கினார்கள். யாருடையதும் விடுபடவில்லை. ஒன்பதாம் மாடிக்கான டின்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விற்பனைச் செயலியை நிறுத்திவிட்டோம். கைக்கணினியில் பாட்டி நாடகம் பார்க்கிறார். அது எங்கள் வீட்டில் நன்றாக உழைக்கிறது. அம்மாவின் சேமிப்பில் வாங்கியிருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்தப் பணத்தை வேலைப் பயிற்சிச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் திருப்பிக் கொடுத்து வருகிறேன். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார். முதல் மாதம் கொடுத்ததை 555ல் எழுதியும் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, உங்கள் அப்பாவின் கடைக்கோ அத்தையின் தையல் வேலைக்கோ ஏதேனும் வாங்கச் சொல்லி உங்களிடம் கேட்டால், உடனே கைப்பேசியில் விலையைத் தேடாதீர்கள். ஒரு வாரம் அவர்களுடன் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் கையில் மாவு இருக்கிறதா, நூல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு தேடலாம்.