மலைப்பாதை லோரியில் பாட்டுப் பெட்டி: மூன்று கேள்விகள்

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் மலைப்பாதையில் பண்பலை வானொலி அடிக்கடி கரகரக்கும். அதன் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், குன்று குறுக்கிட்டால் ஒலி மங்கிவிடும். லோரி ஓட்டுநருக்கு இதற்கு ஒரு வழி, சிடி சேஞ்சர். ஆறு வட்டுகளை முன்பே அடுக்கிவிட்டால் வளைவுகளில் வட்டு மாற்றும் வேலை இல்லை.

மாணவர்களே, அதைப் பழைய வானொலியுடன் இணைக்குமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, எத்தனை வோல்ட்? கார் பேட்டரி 12 வோல்ட். பெரிய லோரிகளில் இரண்டு பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். கார் சேஞ்சரை அதில் நேரடியாக இணைத்தால் கருகிவிடும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால் அது குறைவாகவும், மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகும். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கருவியும் ஃபியூசும் தேவை.

இரண்டாவது, பாட்டு எவ்வழியே போகும்? வானொலியின் பின்புறம் சேஞ்சருக்கான இணைப்பு இல்லையென்றால் எஃப்எம் மாடுலேட்டர் உதவும். அது பாட்டைப் பண்பலை அலையாக்கி ஆண்டெனா வயர்வழி அனுப்பும். நிலையங்கள் எட்டாத மலையிடுக்கில் காலி அலைவரிசை எளிதில் கிடைக்கும்.

மூன்றாவது, குலுக்கலைத் தாங்குமா? லேசர் படிக்கும் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. சேஞ்சரை ஆடாமல் இறுக்கிப் பொருத்தாவிட்டால் பாட்டு தாவும்.

இன்று புளூடூத் வந்துவிட்டது. ஆனால் டேஷ்கேம் பொருத்தினாலும் முதல் கேள்வி அதேதான். மீட்டரால் அளந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே வயரில் கை வையுங்கள்.