கயிறு போயிற்று, கவலை போகவில்லை!

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது போடிநாயக்கனூர். ஏலக்காயின் பெயரைச் சொன்னால் இந்த ஊரின் பெயரும் கூடவே வரும். தோட்டங்கள் மலைமேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கேரள எல்லைக்குள். வியாபாரமோ கீழே, போடியில். இரண்டுக்கும் இடையே போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகள்! இத்தகைய ஊரில் டெலிபோன் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. தராசும் சாக்கும் எப்படியோ, அப்படித்தான் டெலிபோனும்.

மேலே மழை பெய்ததா, ஸ்டோரில் காய் உலர்ந்துவிட்டதா, இன்றைக்கு ஏலத்தில் என்ன விலை போயிற்று என்பதையெல்லாம் அறிய ஒரு காலத்தில் கூடத்து மூலையில் இருந்த டெலிபோனைச் சுற்றியே வீடு இயங்கியது. மணி அடித்தால் குளிக்கிறவர் ஈரத்துணியோடு ஓடி வருவார். அடுப்படியில் இருப்பவர் பாலைப் பொங்கவிட்டு ஓடி வருவார்.

இந்த ஓட்டத்துக்கு முடிவு கட்டுவதாகச் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தது கார்ட்லெஸ் டெலிபோன். கையில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகலாம், களத்துக்குப் போகலாம், கட்டிலில் படுத்தபடியே பேசலாம். யாருக்குத்தான் ஆசை வராது?

குட்டி ரேடியோ நிலையம்

கார்ட்லெஸ் டெலிபோன் உண்மையில் இரண்டு குட்டி ரேடியோ நிலையங்கள். சுவரோரம் இருக்கும் தாய்ப்பெட்டியில் டெலிபோன் கம்பி வந்து சேருகிறது. அங்கிருந்து பேச்சு ரேடியோ அலையாகக் கையிலுள்ள ஹேண்ட்செட்டுக்குப் போகிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்காக ரேடியோ இயக்கிவந்த ஜார்ஜ் ஸ்வைகர்ட் என்பவர் 1966ஆம் ஆண்டில் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்து, 1969இல் அதைப் பெற்றார்.

கம்பியில் போகும் பேச்சு கம்பிக்குள் அடங்கியிருக்கும். காற்றில் போகும் பேச்சுக்கு வேலி ஏது? தொடக்க காலத்துக் கார்ட்லெஸ் கருவிகளில் பேச்சு எந்த மறைப்பும் இன்றி அப்படியே அலையாகப் போயிற்று. பக்கத்து வீட்டிலும் அதே அலைவரிசைக் கருவி இருந்தால் இவர் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் பேசுவது இவருக்குக் கேட்கும். குடும்பச் சண்டை வெளியே போனால் வெட்கம். மனத்தில் வைத்திருக்கும் ஏலக்காய் விலை வெளியே போனால் நஷ்டம்! வியாபாரிக்கு இரண்டில் எது பெரிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குறை பின்னர் பெரும்பாலும் தீர்ந்தது. ஐரோப்பாவில் 1990களின் தொடக்கத்தில் 'டெக்ட்' என்ற முறை வகுக்கப்பட்டது. இதில் பேச்சு எண்களாக மாற்றப்பட்டுச் செல்கிறது. சங்கேதம் இட்டுப் பூட்டவும் வழி உண்டு.

சுவரும் தகரமும்

ஆனால் அலைக்கும் எதிரிகள் உண்டு. வெட்டவெளியில் சுமார் 300 மீட்டர் போகும் டெக்ட் அலை, வீட்டுக்குள் 50 மீட்டர் போனாலே பெரிது. பழைய வீடுகளின் கனத்த சுவர் அதை மெலிய வைக்கும். காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தடுக்கும். தகரத்துக்கு மறுபக்கம் போய்விட்டாலோ பேச்சே கேட்காது. தகரக் கூரை போட்ட ஏலக்காய் ஸ்டோருக்குள் ஹேண்ட்செட்டோடு நுழைகிறவர், 'அலோ, அலோ' என்று கத்திக்கொண்டே வெளியே வருவதன் காரணம் இதுதான்.

பாட்டரியின் குறும்பு வேறு. இரண்டொரு வருஷம் ஆனதும் அதன் வலு குறைந்துவிடும். முக்கியமான தொகையைச் சொல்லும் நேரம் பார்த்து 'பீப், பீப்' என்று முனகிவிட்டு அணைந்துபோகும். ஹேண்ட்செட் எங்கே என்று தேடுவது இன்னொரு தொல்லை. தலையணைக்கு அடியிலிருந்து அது பதில் குரல் கொடுப்பதற்கென்றே தாய்ப்பெட்டியில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். கயிறு கட்டிய டெலிபோன் எந்த நாளிலாவது காணாமல் போனதுண்டா?

இருளில் ஒரு சோதனை

இவையெல்லாம் சிரித்து மறக்கக்கூடிய தொல்லைகள். சிரிக்க முடியாத தொல்லை ஒன்று உண்டு.

2012ஆம் ஆண்டைத் தமிழ்நாட்டு மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு. அந்த நாட்களில் மலையடிவாரத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவு. செல்போனுக்கு அங்கே சரியாக அலை எட்டுவதில்லை. பெரியவருக்கு நெஞ்சுவலி. பேரன் ஓடிப்போய் ஹேண்ட்செட்டை எடுக்கிறான். அதில் விளக்கு எரிகிறது, பாட்டரியும் இருக்கிறது. ஆனால் டயல் ஓசை வரவில்லை!

"என்னப்பா, போன் செத்துக் கிடக்கா?" என்று பதறுகிறாள் அப்பத்தா.

போன் சாகவில்லை. மின்சாரம் இல்லாததால் தாய்ப்பெட்டி உறங்கிவிட்டது. 108 ஆம்புலன்ஸ் 2008ஆம் ஆண்டு முதலே தமிழ்நாட்டில் ஓடுகிறது. ஆனால் கூப்பிட்டால்தானே அது வரும்?

அந்த வேளையில் பரண்மேல் தூசி படிந்து கிடக்கும் பழைய டெலிபோனை எடுத்து அதே கம்பியில் மாட்டினால், உடனே டயல் ஓசை கேட்கும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சாதாரண டெலிபோன் வீட்டு மின்சாரத்தை நம்பி இருப்பதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுக்கியிருக்கும் பாட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தச் செம்புக் கம்பி வழியாகவே வந்துகொண்டிருக்கிறது. ஊரே இருண்டாலும் அது விழித்திருக்கும். கார்ட்லெஸ் டெலிபோன் சுவரோடு கட்டிய கயிற்றை அறுத்தது. மின்சார வாரியத்தோடு புதிதாக ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டது!

மேலூர் கண்ட வழி

கம்பியில்லாத டெலிபோனால் கிராமங்களுக்கு நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கம்பி இழுப்பதே பெரும் செலவான இடங்களுக்கு அதே டெக்ட் முறையை நீட்டிக் கொடுத்தார்கள் நம் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள். அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய 'கார்டெக்ட்' முறையில் 10 கிலோமீட்டர் தூரம் வரை அலை போயிற்று. இடையில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை. 2001ஆம் ஆண்டிலிருந்து மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இதைக்கொண்டு இணைய மையங்கள் நடந்தன.

ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை: கோபுரமும் கூரையும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மேலூர்ச் சமவெளியில் அது சாத்தியம். குரங்கணிச் சரிவிலோ நடுவில் ஒரு மலை வந்து நின்றுவிடும்!

இன்றைக்கு என்ன செய்வது?

இன்று செம்புக் கம்பியும் பல இடங்களில் மறைந்து கண்ணாடி இழை வந்துவிட்டது. இழையில் ஒளி வரும், மின்சாரம் வராது. ஆகையால் கரண்டு போனால் மோடமும் அதோடு சேர்ந்த டெலிபோனும் ஓய்ந்துவிடும். கார்ட்லெஸ் கற்றுக்கொடுத்த பாடம் இன்றும் பழசாகவில்லை.

மலையோரத்தில் வசிப்பவர்கள் சில காரியங்களைச் செய்துகொள்ளலாம். செம்புக் கம்பி இருந்தால் கயிறு கட்டிய சாதாரண டெலிபோன் ஒன்றை அதிலேயே நிரந்தரமாக மாட்டி வையுங்கள். இழை வந்திருந்தால் மோடத்துக்கும் தாய்ப்பெட்டிக்கும் ஒரு சிறு யு.பி.எஸ். அவசியம். தாய்ப்பெட்டியை வீட்டின் நடுவே, உயரமான இடத்தில், இரும்பு பீரோவுக்கு எட்ட வையுங்கள். ஹேண்ட்செட்டில் சார்ஜ் ஏற்றும் வகைப் பாட்டரியை மட்டுமே போடுங்கள்.

கார்ட்லெஸ்ஸுக்குச் சேர வேண்டிய புகழையும் கொடுத்துவிட வேண்டும். இடி மின்னல் வேளையில் கம்பி கட்டிய டெலிபோனைக் காதில் வைப்பது ஆபத்து. கார்ட்லெஸ் ஹேண்ட்செட்டில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் மின்னல் தாய்ப்பெட்டியைச் சுட்டுவிடலாம். ஆகவே வானம் கறுக்கும்போதே மின்சாரப் பிளக்கையும் டெலிபோன் கம்பியையும் கழற்றிவிடுவது நல்லது.

சௌகரியத்துக்கு ஒன்று, ஆபத்துக்கு ஒன்று. மலைக்குப் போகிறவர்கள் கையில் டார்ச் இருந்தாலும் மடியில் ஒரு தீப்பெட்டி வைத்துக்கொள்வதில்லையா? பரண்மேல் கிடக்கும் அந்தப் பழைய டெலிபோனையும் அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அதைக் கீழே இறக்கித் துடைத்து, வேலை செய்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்களேன்!