கரகரப்பு எங்கிருந்து வருகிறது?



நம் கையாலேயே ஒரு சிறு ஒலிபெருக்கியைச் செய்து, ஹெட்போனை மாட்டி, முதன்முதலாகப் பாட்டுக் கேட்பது பெருமகிழ்ச்சி. ஆனால் பல வேளைகளில் அந்தப் பாட்டு கரகரவென்று உடைந்து வருகிறது. உடனே ஐ.சி. கெட்டுவிட்டது என்று புதியதை வாங்கக் கடைக்கு ஓடுகிறோம். குற்றம் ஐ.சி.யில் இல்லாமல், நாம் கேட்கும் பெருக்கத்தில் இருக்கலாம். அதை முதலில் பார்ப்போம்.

உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே எத்தனை மடங்காகிறதோ அதுவே பெருக்கம். எவ்வளவு பெருக்கினாலும், பேட்டரி தரும் அழுத்தத்தை மீறி ஒலியலை உயர முடியாது. உயரமான சப்பரம் தாழ்ந்த மின்கம்பியின் கீழே போனால் என்ன ஆகும்? கலசம் தட்டும். அதுபோல அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையே நம் காதில் கரகரப்பாகக் கேட்கிறது. திருவிழா நாட்களில் மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் குழாய் ஒலிபெருக்கியை அளவுமீறித் திருகும்போது சொல்லே புரியாமல் போவதற்கும் இது ஒரு காரணம்.

வீட்டில் செய்வோர் பலரும் விரும்புவது எல்.எம். 386 என்னும் எட்டுக்கால் ஐ.சி. இதன் 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் இடையே எதுவும் இணைக்காவிட்டால் பெருக்கம் 20 மடங்கு. அங்கே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்தால் 200 மடங்கு. மைக்கிலிருந்து வரும் மெல்லிய ஒலிக்கு 200 உதவும். செல்போனிலிருந்து வரும் பாட்டுக்கோ 20 மடங்கே மிகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்போன் தரும் அலையின் உச்சி அரை வோல்ட் என்று கொள்வோம். 20 மடங்கு என்றால் 10 வோல்ட். 9 வோல்ட் பேட்டரியில் அலை மேலே 4.5, கீழே 4.5 என்னும் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும். உண்மையில் அதையும் முழுதாக எட்டாது. ஆனால் 32 ஓம் ஹெட்போனுக்கு ஒரு மில்லிவாட் தர 0.18 வோல்ட் போதும். பல ஹெட்போன்களில் அதுவே உரத்த ஒலி. ஆகவே ஹெட்போனுக்கு வேண்டியது மின்னோட்டம், பெரிய பெருக்கமன்று.

சரிசெய்யும் முறை இதோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

1. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரால் 5-ஆம் காலை அளந்து பாருங்கள். பேட்டரி அழுத்தத்தில் பாதி இருக்க வேண்டும். இல்லையேல் இணைப்பில் பிழை.

2. பேட்டரியையும் அளந்து பாருங்கள். அது தளர்ந்திருந்தால் எல்லையும் தாழ்ந்துவிடும்.

3. 1, 8 கால்களுக்கு இடையே மின்தேக்கி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

4. நுழைவில் 10 கிலோ ஓம் மின்தடையைத் தொடராகவும், 1 கிலோ ஓம் மின்தடையைத் தரைக்கும் இணையுங்கள். வரும் ஒலி பதினொன்றில் ஒரு பங்காகும். அரை வோல்ட் உள்ளே வந்தால் வெளியே ஏறத்தாழ 0.9 வோல்ட். இதுவும் ஹெட்போனுக்கு அதிகமே. வால்யூம் குமிழைக் குறைத்தே வையுங்கள்.

5. குமிழைக் குறைத்தும் கரகரப்பு நீங்காவிட்டால் வேறு ஒரு பாட்டை, வேறு ஒரு கருவியில் போட்டுப் பாருங்கள். மூலமே கெட்டிருக்கலாம்.

6. படகு மோட்டார் போல 'டப டப' என்று கேட்டால், பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, நேர், எதிர் பார்த்து இணையுங்கள்.

வீட்டு மின்சாரம் வேண்டாம்; பேட்டரியே போதும். பற்றவைக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். முதலில் மின்சாரம் கொடுக்கும்போது ஹெட்போன் மேசையில் இருக்கட்டும், காதில் வேண்டாம்.

இதில் பணத்தைவிட முக்கியமானது நம் காது. சொல் தெளிவாக இல்லாதபோது ஒலியை இன்னும் கூட்டவே கை போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, சிறுவர்க்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணிக்குமேல் கேட்கக் கூடாது என்பதாகும். இழந்த செவிப்புலனைப் பற்றவைத்துச் சரிசெய்ய முடியாது. பெருக்கத்தைக் குறைப்போம், தெளிவைப் பெறுவோம்.