முதலில் யாருக்குச் சோதனை?

சூலியா தெருவில் எங்கள் துணிக்கடைக்கு வரும் அக்காமார், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று என்னிடம்தான் கேட்பார்கள், அருகில் நிற்கும் என் கணவரிடம் கேட்டதே இல்லை. மாமி, தெருவிலுள்ள நாகூர் தர்காவில் எனக்காக நேர்ந்துகொண்டார். நான் கருக்குழாய் எக்ஸ்ரேக்குப் போனேன்.

கர்ப்பப்பை வாய் வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்துவார்கள். இரு கருக்குழாய்களையும் கடந்து அது வழிந்தால் அடைப்பில்லை. மாதவிடாய் முடிந்து, கருமுட்டை வெளிவருமுன் செய்வது. "லேசா இழுக்கும்" என்றார் தாதி. எனக்கு அடிவயிற்றை முறுக்கிப் பிழிந்தது. சில நிமிடம்தான், ஆனால் அந்நியர் நடுவே அப்படிக் கிடந்தபோது வலியைவிடக் கூச்சம்தான் என்னை அழவைத்தது. வலி மாத்திரையை முன்னதாகவே போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாங்கவில்லையென்றால் நிறுத்தச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. பிறகு காய்ச்சல் வந்தால் தாமதிக்காதீர்கள்.

உலகில் ஆறில் ஒருவருக்குக் கருவுறாமை நேர்வதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. காரணம் ஆணிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனைக்கு ஊசிகூட வேண்டாம். அதை முதலில் செய்யாததில் எனக்கு இன்னும் கோபம்தான்.

என் குழாய்கள் திறந்தே இருந்தன. அடுத்து கணவர் முறை. ஆய்வுக்கூடத்தில் டப்பாவோடு உள்ளே போனவர் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். "என்னால முடியல லா" என்றார், முகம் வெளிறி. அவருக்கும் இது சுமைதான். வீட்டிலேயே எடுத்து, குளிர்ந்துவிடாமல் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க அந்த ஆய்வுக்கூடம் அனுமதித்தது. மறுவாரம் ஒருநாள் கடையை மதியம்தான் திறந்தோம்.