மணத்தக்காளிச் செடியும் தோட்டப் பயிர்களும்

தோட்டக்கால் நிலங்களில் தானாகவே முளைக்கும் களைகளுள் மணத்தக்காளியும் ஒன்று. மிளகுதக்காளி எனவும், கொங்கு நாட்டில் சுக்குட்டிக் கீரை எனவும் இது வழங்கப்படும். கறிக்கு உதவுவதால் இதனைக் களையென்று கருதாது விட்டுவைப்போர் பலர். ஆயினும் இது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் புகலிடமாவது.

அடையாளம்.— செடி 1 அடி முதல் 3 அடி வரை வளரும், முள் இராது. இலைகள் முட்டை வடிவாய், நுனி குறுகி, ஓரம் நெளிந்திருக்கும். பூக்கள் சிறியவை, ஐந்து வெண்ணிற இதழ்களின் நடுவே மஞ்சள் நிற மகரந்தப் பைகள் குவிந்து நிற்கும். காய்கள் ஏறக்குறைய கால் அங்குல விட்டமுள்ளவை, கொத்தாய்த் தொங்கும். பழுத்தபின் சிலவற்றில் கருமையும், வேறு சிலவற்றில் செம்மஞ்சளும் காணப்படும்.

ஊமத்தையின் இளங்கன்று இதனுடன் கலந்து முளைப்பதுண்டு. அது கொடிய விஷமுள்ளது. ஊமத்தைக்குப் பூ புனல் போல் நீண்டும், காய் முள்ளுடனும் இருக்கும். ஆகையால் ஐயமுள்ள இடத்துப் பூவைக் காணுமுன் கீரை பறித்தல் கூடாது. மணத்தக்காளியின் பச்சைக் காயிலும் ஸோலனின் என்னும் நச்சுப்பொருள் உண்டாதலால், சிறுவர் அதனைப் பச்சையாகத் தின்னாதவாறு பார்த்துக்கொள்க.

வளரும் இடம்.— ஈரமும் எருச்சத்தும் உள்ள இடமே இதற்கு உகந்தது. கிணற்றடி, வாய்க்கால் கரை, எருக்குழி ஓரம், வேலியடி, கொல்லைப்புறம் ஆகியவற்றில் மிகுதியாகக் காணலாம். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எங்கும் பரப்புகின்றன.

தீங்கு.— கத்தரி இலையை அரிக்கும் எபிலாக்னா வண்டும் அதன் மஞ்சள் நிறப் புழுவும் இதனைத் தின்று பெருகும். தக்காளி, கத்தரிகளை மாய்க்கும் வாடல் நோய்க் கிருமியும், வேர்முடிச்சை உண்டாக்கும் நூற்புழுவும், புகையிலையின் தேமல் நோயும் இதிற் தங்கும். கத்தரிக்குப்பின் சோளமோ கேழ்வரகோ பயிரிட்டு நோயைத் தணிக்க முயலும் குடியானவர், அப்பயிரினிடையே மணத்தக்காளியை விட்டுவைப்பாராயின், பயிர் மாற்றத்தால் எய்தும் நன்மையை இழப்பர்.

செய்யத்தக்கவை.— பழம் பற்றுமுன் வேரோடு பிடுங்குதலே சிறந்தது. பழுத்த செடிகளை எருக்குழியில் இடலாகாது. அவ்வெருவுடன் விதையும் நிலத்தை அடையும். நாற்றங்காலைச் சுற்றிலும் இச்செடி ஒன்றேனும் இராதவாறு காத்தல் வேண்டும். கீரைக்கு வேண்டுவோர் தோட்டத்திற்கு அப்பால் வீட்டுக் கொல்லையில் வளர்த்துக்கொள்ளலாம். பொது வாய்க்கால் கரைகளிலும் புறம்போக்குகளிலும் உள்ளவற்றைக் கிராம அதிகாரிகள் ஊராரைக் கொண்டு ஒரே காலத்தில் களைவித்தல் நலம். ஒருவர் நிலம் மாத்திரம் தூய்மையாயிருப்பதால் பயன் சிறிதே.